நம்பர் போட்ட புண்

இளவேனிலுக்கு இருபத்தெட்டு வயது. சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து, அமெரிக்காவில் நோயில் கிடப்பவர்களுக்கெல்லாம் நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள். மெடிக்கல் கோடிங் என்று அந்த வேலைக்குப் பெயர். அங்கே ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால், டாக்டர் எழுதிய குறிப்பு இங்கே இவள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். எந்த எலும்பு, இடமா வலமா, விழுந்தது படியிலா குளியலறையிலா என்று படித்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் உண்டான எண்ணைப் பதிய வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி அசையும். நாளைக்கு அறுபது பேர் வீதம் ஏழு வருஷமாக இதே சோலி. அந்தப் பெரியவர் அப்புறம் எழுந்து நடந்தாரா, போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு குறிப்பும் அவளுக்குச் சொன்னதில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் குடியிருந்த தெருவுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது? கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது, நுரையீரல், குடல், ஈரல் என்று படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்றை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டார் அதைப் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், வெள்ளியங்கிரி மகள் முக்கால் டாக்டர் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. சாயங்காலம் ஸ்கூட்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் யாராவது சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"அம்மணி, இந்த மாத்திரைய சோத்துக்கு முந்தித் திங்கறதா, பொறவா?"

"எனக்கு அது தெரியாதுங்க்கா. நான் கம்ப்யூட்டர்ல நம்பர்தான் போடறேன்."

"அட, சும்மா சொல்லு கண்ணு. பீசு கேக்க மாட்டீன்னு தெரியும்!"

அப்பா வெள்ளியங்கிரிக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் பவுண்டரியில் முப்பது வருஷம் மண் அச்சு பிடித்தவர் அவர். அவருடைய அப்பன் கவுண்டர் தோட்டத்தில் பண்ணையாள். பிள்ளை இன்ஜினியரிங் படித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்பதை அவர் டீக்கடையில் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் மனைவி நாச்சியம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "பீளமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கேண்டீன்ல இருக்குதுங்க" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்.

கேண்டீனாவது ஒன்றாவது! நாச்சியம்மாள் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வார்டில் பதினாறு வருஷமாகத் துப்புரவு வேலை பார்க்கிறாள். தரை துடைப்பது, படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பெட்பேன் வைத்து எடுப்பது, கழிந்துபோட்டால் கழுவிவிடுவது எல்லாம் அவள்தான். வேலைக்குப் போடும் அரக்கு நிறக் கோட்டை ஆஸ்பத்திரியிலேயே கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் திருத்திக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். வீட்டுக்குள் அந்தப் பேச்சே எழாது. இளவேனிலுக்கும் விவரம் தெரியும். தெரிந்தும், இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது "இன்னைக்கு வார்டுல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதில்லை. இதைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது பிரான்சிஸ் மாமாவின் முதுகுதான். மூன்று வீடு தள்ளியிருந்த அவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மகன் ரூபன், கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவன், செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தான்.

"இளவேனி, சித்தே வா. அப்பா முதுகுல என்னமோ ஆயிப்போச்சு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

போனாள். ரூபன் அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் விட்டுப்போய்க் குழியாகியிருந்தது. படுக்கைப் புண். மூன்றாம் நிலை. எல் எண்பத்தொன்பது புள்ளி ஒன்று ஐந்து மூன்று. பார்த்த மாத்திரத்தில் நம்பர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எத்தனை ஆயிரம் தடவை அதைத் தட்டியிருப்பாள்! ஆனால் அந்த நம்பருக்கு நாற்றம் உண்டு என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மூக்கைப் பொத்தக் கை தூக்கியவள், பிரான்சிஸ் மாமாவின் கண் தன்னையே பார்ப்பதைக் கண்டு கையைக் கீழே போட்டாள்.

"என்ன பண்ணோணும், சொல்லு" என்றான் ரூபன்.

தெருவே முக்கால் டாக்டர் என்று நம்பிய பெண் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். பஞ்சு வைப்பதா, தண்ணீர் ஊற்றுவதா, தொடவே கூடாதா, ஒரு எழவும் தெரியவில்லை. கடைசியில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நாச்சியம்மாள் வந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். ரூபனைச் சுடுதண்ணீருக்கும் பழைய வேட்டிக்கும் விரட்டினாள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். "மாமா, மூச்சை இழுத்து மெதுவா உடுங்க" என்றாள். எழுபத்தைந்து கிலோ ஆள் அலுங்காமல் பக்கவாட்டில் திரும்பினார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள். நனைந்திருந்த துணியை அவர் உடம்பைத் தூக்காமலே உருவினாள். துடைத்தாள், துவட்டினாள், துப்புரவாக வேறு துணி விரித்தாள். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத அம்மா, அவரிடம் மட்டும் ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். பிரான்சிஸ் மாமாவின் முகம் தெளிந்தது. ஆனால் புண்ணின் ஓரம் வரைக்கும் வந்த அம்மாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"புண்ணையும் கழுவிடுங்கம்மா."

"அதை நாந் தொடப்படாது கண்ணு. சிஸ்டருதான் தொடோணும்."

"பதினாறு வருஷமாப் பாத்துட்டுத்தான இருக்கறீங்க?"

"பாக்கறதும் செய்யறதும் ஒண்ணா? எனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா? தப்பாத் தொட்டுச் சீழு புடிச்சா, மாமா உசுருக்கு ஆரு பதிலு?"

வீட்டுக்கே வந்து கட்டுப் போடும் நர்ஸ் யாராவது கிடைப்பார்களா என்று ரூபன் போன் போட்டுப் போட்டுப் பார்த்தான். மறுநாள் காலைதான் வர முடியும் என்று ஒருவர் சொன்னார். அதுவரைக்கும் அந்தப் புண் அப்படியே கிடந்தது. ஒருத்திக்கு அதன் நம்பர் தெரியும். ஒருத்திக்கு ஆளைப் புரட்டத் தெரியும். தொட வேண்டிய இடத்தைத் தொட இரண்டு பேருக்குமே தெரியாது. இளவேனிலுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதென்ன கேவலம், ஏழு வருஷம் என்னத்தைக் கிழித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

மறுநாள் காலை நர்ஸ் வரும்போது அவளும் அங்கே போய் நின்றாள். வந்தது ஒல்லியாக ஒரு பெண், இவளைவிடச் சின்னவள். கையுறை மாட்டினாள், கழுவினாள், செத்த சதையை நறுக்கி எடுத்தாள், மருந்துத் துணியை மடித்துக் குழியில் வைத்தாள். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. வேலையை முடித்துவிட்டு, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வையுங்கண்ணா, ஆறிரும்" என்று ரூபனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனாள். இளவேனில் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. அதே நம்பரைத் தட்டும்போதெல்லாம் பிரான்சிஸ் மாமாவின் கண் வந்தது. ஒரு நாள் நேராக டீம் லீடர் மனோஜ்குமாரின் அறைக்குள் போய், வேலையை விடுகிறேன், நர்சிங் சேரப்போகிறேன் என்றாள். அவர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. நிஜமாகவே ஜோக் என்று நினைத்துக்கொண்டார்.

"பி.ஈ. முடிச்சுப்போட்டு நர்ஸா? அடுத்த வருஷம் உங்களை ஆடிட்டர் ஆக்கலாம்னு பேர் அனுப்பிருக்கேன், தெரியுமா?"

"ஏழு வருஷமா நான் படிச்ச ஆளுங்கள்ல யாரு பொழைச்சாங்க, யாரு செத்தாங்கன்னு ஒருத்தரைப் பத்தியாவது எனக்குத் தெரியுமாங்க சார்?"

"அது நமக்கு எதுக்குங்க?"

"அதுக்குத்தாங்க சார் போறேன்" என்று சொல்லி எழுந்தாள்.

மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ. பிளஸ் டூவில் உயிரியலும் எடுத்துப் படித்திருந்ததால் விண்ணப்பிக்க முடிந்தது. ஆனால் வயதைப் பார்த்ததும் இரண்டு கல்லூரிகளில் முகத்தைச் சுளித்தார்கள். மூன்றாவதில் இடம் கிடைத்தது. எங்கே கிடைத்தது பாருங்கள்! நாச்சியம்மாள் துப்புரவு வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியின் நர்சிங் கல்லூரியில். படிப்பு அங்கே, பயிற்சியும் அதே வார்டுகளில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குள் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதிலும் ஒரு நிபந்தனை: அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காகப் போட்ட விதி. ஏழு வருஷம் சம்பாதித்தவளுக்கும் அதே விதிதான்.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தாள். வெள்ளியங்கிரி அதைத் தொடக்கூட இல்லை.

"எங்கப்பன் அடுத்தவன் தோட்டத்துல சாணி அள்ளுனான். நான் பவுண்டரியில மண்ணு அள்ளுனேன். நெஞ்சுக்குள்ள பூரா அந்தப் புழுதிதான். உன்னைய ஒருத்தன் 'ஏ, இதை அள்ளு'ன்னு சொல்லப்படாதுன்னுதானே படிக்க வெச்சேன்? இப்ப நீயாப் போயி கண்டவன் பீ மூத்திரம் அள்ளறேங்கிறியே, உனக்கே நல்லா இருக்குதா கண்ணு?"

அவர் குரல் உடைந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவர் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. இளவேனிலுக்கும் அது தெரியும். இருந்தாலும் விடவில்லை.

"அள்ளச் சொன்னா அள்ளுவனுங்கப்பா. ஆனா புண்ணை ஆத்தவும் கத்துக்குவேன். ஏசியில உக்காந்துட்டு நான் இத்தனை வருஷமா யாருக்கு என்ன பண்ணுனேன், சொல்லுங்க பாக்கலாம்?"

"சொந்தபந்தம், ஒறம்பரை கேட்டா நான் என்னன்னு சொல்றது? அதுவும் அந்த ஆஸ்பத்திரியிலயே! உங்கம்மா அங்க என்ன பண்றான்னு ஊருக்கே தெரிஞ்சுபோகுமே! நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தப் பேச்சை இத்தோட உட்டுரு."

அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. நாச்சியம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, நான் அள்ளறனே, அப்ப உங்களுக்குக் கூசலீங்களா?"

வெள்ளியங்கிரி நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை.

"இவ காலேசுக்குப் போன நாலு வருஷமும் அள்ளுனேன். உங்களுக்கு நெஞ்சு சளி புடிச்சு ஆறு மாசம் வேலைக்குப் போவாம இருந்தீங்களே, அப்பவும் அள்ளுனேன். அந்தச் சோத்தைத் திங்கறப்ப கூசலை. என்ற பொழப்பைச் சொல்றதுக்கு மட்டும் உங்களுக்குக் கூசுது. கேண்டீனுங்கிறீங்க. நான் என்னைக்குங்க அங்க போண்டா சுட்டேன்?"

"அதில்ல புள்ள... உன்ற மானத்துக்குத்தான்..."

"என்ற மானம் என்ற கிட்ட பத்தரமா இருக்குதுங்க. அந்த வார்டுல எத்தனை பேரு சாவறப்ப என்ற கையப் புடிச்சிட்டே செத்திருக்கறாங்க, தெரியுமா உங்களுக்கு? அவிய ஆரும் என்னைய அசிங்கமாப் பாக்கலை." திரும்பி மகளிடம் சொன்னாள்: "நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு. ரெண்டு மணிக்கு முடியும். நீ ஆபீசு ரூமுக்கு முன்னாடி நில்லு. நான் வாரேன்."

வெள்ளியங்கிரி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. யாரும் அவரை வற்புறுத்தவும் இல்லை. தட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவும் மகளும் படுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி ஆபீசில் ஒரே கூட்டம். பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் அப்பா, அம்மா, மாமா என்று ஒரு படையோடு வந்திருந்தார்கள். இளவேனிலை ஒரு தகப்பனார் டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அவள் சிரித்துக்கொண்டே நாற்காலி பிடித்து உட்கார்ந்தாள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. மூன்று மணிக்கு எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பா ஏதாவது சொல்லி அம்மாவைத் தடுத்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டாள். போன் அடித்தால் எடுக்கவில்லை.

மூன்றேகாலுக்கு நாச்சியம்மாள் வந்தாள். வார்டில் ஒரு பாட்டி கையை விடாமல் பிடித்துக்கொண்டாராம், அதுதான் தாமதம். இளவேனில் அம்மாவைப் பார்த்து நாற்காலியைவிட்டு எழுந்தாள். அரக்கு நிறக் கோட்டைக் கழற்றாமல், மாடியிலிருந்து நேராக அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்திருந்தாள். பள்ளிக்கூட விழா எதற்கும் வராத அம்மா, கூப்பிட்டால் "எனக்குச் சோலி இருக்குது" என்று ஒதுங்கிக்கொண்ட அம்மா. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "ஆயா, அங்க தண்ணி சிந்திருக்கு பாருங்க" என்று ஒரு அம்மா கையைக் காட்டினாள்.

"ஆளுக்குச் சொல்லியுடறனுங்க. எனக்கு இப்ப ஷிப்டு முடிஞ்சுபோச்சு. நானும் உங்களையாட்டம் புள்ளையச் சேக்க வந்திருக்கறனுங்க" என்றாள் நாச்சியம்மாள். அந்த அம்மா கையை மடக்கிக்கொண்டாள்.

ஆபீஸ் சூப்பரிண்டென்டு ஸ்ரீனிவாஸ் அந்த ஆஸ்பத்திரியில் பல வருஷமாக இருப்பவர். நாச்சியம்மாளை முகம் தெரியும், பேர் தெரியாது. விண்ணப்பத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். தாயார் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது. இளவேனில் எழுதியதுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் படிவத்திலும் அப்பா அப்படித்தான் எழுதுவார். கை அதே பழக்கத்தில் எழுதிவிட்டது. கோட்டுப் போட்ட அம்மா பக்கத்தில் நிற்க, அந்தச் சொல்லைப் பார்த்ததும் இளவேனிலுக்கு முகமெல்லாம் சுட்டது.

"சார், அதைக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

"அடித்தல் திருத்தல் ஆவாதுங்க. புது ஃபாரம்தான் எழுதோணும். மணி என்ன ஆச்சு பாருங்க. இது இப்படியே இருந்துட்டுப் போவட்டுமே!"

"இருக்காதுங்க. புதுசு குடுங்க."

மூன்று பக்கம். முதல் எழுத்திலிருந்து திரும்ப எழுதினாள். சுவர்க் கடிகாரம் நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. தந்தை தொழில்: பவுண்டரித் தொழிலாளி. தாயார் தொழில் என்ற இடம் வந்ததும், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, துப்புரவுப் பணியாளர் என்று எழுதி ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்து எழுதினாள். நாச்சியம்மாள் எழுத்துக் கூட்டி அதைப் படித்தாள். பிறகு கீழே குனிந்து, பாதுகாவலர் என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மணி மூன்று ஐம்பத்தைந்து.

ஸ்ரீனிவாஸ் முத்திரையைக் கையில் எடுத்தார். ஆனால் குத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்லது சொல்வதாகத்தான் அவர் நினைப்பு.

"ஏனுங்கம்மா, ஒண்ணு ரோசனை பண்ணுனீங்களா? ஆறு மாசத்துல புள்ளைக்கு வார்டு போஸ்டிங் வந்துரும். மூணாவது மாடிக்கும் வரும். அது வெள்ளை டிரெஸ்ல நின்னு, 'பெட்பேன் எடுங்க'ன்னு உங்களையே வேலை வாங்க வேண்டியிருக்கும். அத்தனை பேருக்கு முன்னாடி உங்களுக்குச் சங்கட்டமா இருக்காதுங்களா?"

நாச்சியம்மாள் நேராக நிமிர்ந்து நின்றாள்.

"வாங்கட்டுமுங்க. பதினாறு வருஷமா என்ற பேருகூடத் தெரியாதவிய வேலை வாங்கறாங்க. என்ற மக, 'நாச்சியம்மா, இந்தப் பக்கம் சித்தே புடியுங்க'ன்னு பேரு சொல்லி வாங்கட்டும். நான் செய்யறனுங்க."

அவர் முத்திரையைக் குத்தினார்.